அம்புக்குறிகளால் வரைந்த சூலகம்

பழ ஈயின் சூலகம் பற்றிய அண்மைக்கால ஆய்வுகளில் ஒரு படம் அடிக்கடி எதிர்ப்படுகிறது. கலவகைகள் வட்டமாக நிறுத்தப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்புகள் பாயும். எந்தக் கலம் எந்தக் கலத்துக்குச் சமிக்ஞை அனுப்புகிறது என்பதை அது காட்டுகிறதாம். 2020இல் பல குழுக்கள் சூலகக் கலங்களைத் தனித்தனியே பிரித்து அவற்றின் ஆர்.என்.ஏ.யை வாசித்தன. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த பழ ஈக் கல வரைபடம் உடல் முழுவதிலுமிருந்து 580,000க்கு மேற்பட்ட கலக்கருக்களை வாசித்தது. சமிக்ஞை மூலக்கூற்றுக்குரிய ஆர்.என்.ஏ. ஒரு கலத்திலும் அதன் வாங்கிக்குரியது இன்னொரு கலத்திலும் இருந்தால் இரண்டுக்கும் இடையே அம்பு போடும் ஃப்ளைஃபோன்டிபி என்ற கணினிக் கருவியும் அதே ஆண்டில் வந்தது. இந்த வரைபடங்கள் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். முட்டையாக வளரும் கலங்களைச் சூழ்ந்திருக்கும், ஒரே வகை என்று கருதப்பட்ட துணைக்கலங்களுக்குள் உட்பிரிவுகள் இருப்பதை அவை தெளிவாக்கின; அரிதான கலங்களைத் தேடிப் பிடிக்கவும் உதவின. பட்டியல் என்ற அளவில் குறையில்லை. பட்டியலை விளக்கம் என்று விற்பதுதான் குறை.

சூலகம் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும் இடம். ஒவ்வொரு சூலகக் குழாயின் நுனியிலும் இரண்டு அல்லது மூன்று மூலக்கலங்கள், ஒரு சில தொப்பிக்கலங்களை ஒட்டியபடி இருக்கின்றன. தொப்பிக்கலங்கள் தரும் டிபிபி என்ற புரதம் மூலக்கலத்தில் ‘பாம்’ என்ற பரம்பரையலகை அடக்கி வைக்கிறது. அடக்கம் நீங்கினால் கலம் முட்டையாகும் வழியில் இறங்கிவிடும். டிங் ஷியேயும் அலன் ஸ்ப்ராட்லிங்கும் 1998இல் டிபிபியைக் குறைத்தபோது மூலக்கலங்கள் அற்றுப்போயின. மிகைப்படுத்தியபோது அவை கட்டியாகப் பெருகின. இதுவரை ஓர் அம்பு போதும். ஆனால் மூலக்கலம் பிரிந்து தோன்றும் மகட்கலம் ஒரு கலத் தூரம் விலகியதுமே விதி மாறிவிடுகிறதே, அது எப்படி? வாங்கியின் ஆர்.என்.ஏ. தாயிலும் உண்டு, மகளிலும் உண்டு. மகளில் அந்த வாங்கிப் புரதம் சிதைக்கப்படுகிறது. தொப்பிக்கலங்களின் மேற்பரப்பிலுள்ள ‘டாலி’ என்ற மூலக்கூறு டிபிபியைத் தன்னருகே திரட்டி வைக்கிறது. நான்காம் வகைக் கொலாஜன் அதைப் பற்றிக்கொண்டு பரவவிடாமல் தடுக்கிறது. விதியைத் தீர்மானிப்பவை இவைதான். புரதத்தின் சிதைவும் கலத்துக்கு வெளியே நடக்கும் பிடிப்பும் ஆர்.என்.ஏ. எண்ணிக்கையில் தெரியா. கலக்கருவை மட்டும் வாசிக்கும் முறையில் கேட்கவே வேண்டாம்.

இதைவிட மோசமான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. துணைக்கலங்களிலும் டிபிபியின் வாங்கி உண்டு. கருவி அங்கும் ஓர் அம்பு போடும். தொப்பிக்கலம் துணைக்கலத்துக்கும் கட்டளை இடுகிறது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். 2015இல் வந்த ஆய்வு காட்டியது வேறு. அந்த வாங்கி அங்கே பொறியாக இருந்து, கசிந்து வரும் டிபிபியை உறிஞ்சி, அது மகட்கலங்களை எட்டாமல் செய்கிறது. சமிக்ஞையைக் கேட்பதற்கான உறுப்பும் அதை விழுங்குவதற்கான உறுப்பும் ஒரே மூலக்கூறாக இருக்கும்போது அம்பு என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. நேர்மாறாகச் சொல்கிறது.

அம்புகள் வெறும் கருதுகோள்கள், சோதனை பின்னால் வரும் என்பது வழமையான பதில். பின்னால் வருவது மிகச் சில அம்புகளுக்கே. மற்றவை அடுத்த கட்டுரையின் முன்னுரையில் அறியப்பட்ட உண்மைகளாக ஏறி அமர்ந்துவிடுகின்றன. அதோடு, தவறான அம்பைச் சோதித்துக் கழிக்கலாம். வரையப்படாத அம்பை யார் தேடுவார்? டானியெலா ட்ரம்மண்ட்-பார்போசாவும் ஸ்ப்ராட்லிங்கும் 2001இல் காட்டியபடி, மதுவம் குறைந்த உணவில் வளரும் பெண் ஈயின் முட்டை உற்பத்தி ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மூளையிலுள்ள சில கலங்கள் சுரக்கும் இன்சுலின் போன்ற புரதங்கள் மூலக்கலத்தின் பிரிவு வேகத்தை நேரடியாகவும், அது நுனியில் நிலைப்பதைத் தொப்பிக்கலங்கள் வழியாகவும் தீர்மானிக்கின்றன என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. சூலகத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே தீனியில் வளர்ந்த ஈக்களிலிருந்து வரைந்த படத்தில் இந்த அம்புக்கு இடமே இல்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைத் துருசையும் வாய்க்காலையும் மட்டும் பார்த்து எவரும் முடிவுசெய்வதில்லை. கனகராயன் ஆறு எவ்வளவு நீர் கொண்டுவந்தது என்று பார்த்தே முடிவுசெய்கிறார்கள்.

தரவிலிருந்து அம்பு வரையும் இந்தப் பாணிக்கு ஆதரவாக ஒரு வாதம் எங்கள் பக்கத்தில் செல்லுபடியாகக்கூடியது, ஆகவே ஆபத்தானதும்கூட: தரவுகள் இலவசம், கணினி ஒன்று போதும், ஆகவே வவுனியாப் பல்கலைக்கழகமோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடமோ உலகத் தரத்து ஆய்வில் உடனே நுழையலாம். நுழையலாம்தான், பிறர் வளர்த்த ஈக்களின் தரவில் பிறர் எழுதிய கருவியை ஓட்டி, பிறர் சோதிக்கவேண்டிய அம்புகளைக் கூட்டித் தரலாம். கொன்போகல் நுணுக்குக்காட்டி விலை உயர்ந்தது, உண்மை. மதுவம் கலந்த தீனியிலும் கலக்காத தீனியிலும் ஈக்களை வளர்த்து முட்டைகளை எண்ணுவதற்கு அது தேவையில்லை. போத்தல்களும் சாதாரண நுணுக்குக்காட்டியும் போதும். ஈக்களைப் பெறவும் வழி உண்டு: மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பழ ஈக்களுக்கென்றே இருப்பு நிலையம் இயங்குகிறது. ஏழை ஆய்வுகூடத்துக்கு எட்டாதது சோதனைதான் என்ற நினைப்பு, இந்த உயிரியைப் பொறுத்தவரை, தலைகீழானது. ஒரு நூற்றாண்டாகப் பழ ஈ ஆய்வுகூடங்களில் நிலைத்திருப்பதற்கு அதன் மலிவும் ஒரு காரணம்.

ஆய்விதழ்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ. பொருத்தத்தால் மட்டும் வந்த அம்புகளைப் புள்ளிக்கோடாக அச்சிடட்டும். பரம்பரையலகை நீக்கியோ கூட்டியோ சோதித்த பின்னரே முழுக்கோடாகட்டும். தொப்பிக்கலத்திலிருந்து மூலக்கலத்துக்குப் போகும் டிபிபி அம்பு அப்போதும் முழுக்கோடாகவே நிற்கும். துணைக்கலத்துக்குப் போகும் அம்பை வரைவதற்கு வேறொரு குறியீடே தேவைப்படும்.