அதோ, அப்பா வருகிறார்: ஒரு முல்லை ஓவியம்

கிளிமானூர் இரவிவர்மா (1848–1906) தீட்டிய தேவியரும் காப்பியத் தலைவியரும் அச்சுப் படங்களாய் நம் வீட்டுச் சுவர்களை அடைந்தனர். அப்புகழின் நிழலில் ஒதுங்கி நிற்பது, 1893ஆம் ஆண்டு அவர் வரைந்த ‘அதோ, அப்பா வருகிறார்’ என்னும் ஓவியம். அவ்வாண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்களுள் இதுவும் ஒன்று.

படத்தில் நிற்பவர் ஓவியரின் மகள் மகாபிரபா. வெண்ணிற மலையாள உடை, பொன்னணிகள், கையில் குழந்தை, அருகே ஒரு நாய். தாயின் நோக்கு இடப்புறமாகச் செல்கிறது. வருகின்றவரோ படத்தில் இல்லை. அவர் வரவை அவள் முகத்தில்தான் நாம் காண்கிறோம். தமிழ் மரபில் இருத்தல் முல்லைக்கு உரியது. கலங்காது காத்திருப்பவள் முல்லைத் தலைவி. அவ்விருத்தல் முடிந்து மகிழ்ச்சி தொடங்கும் கணத்தையே இவ்வோவியம் பிடித்து நிறுத்தியுள்ளது.

ஆயின் இது வெறும் இல்லறக் காட்சியன்று. மருமக்கள்தாய முறையில் குழந்தை தாயின் தறவாட்டுக்கு உரியது. தந்தை அங்கு வந்து செல்பவரே. பாலக்காடு அடங்கிய மலபாரில் சம்பந்த உறவைப் பதிவுசெய்து திருமணமாக்க 1896இல் சட்டம் வந்தது. தந்தையின் உரிமை பற்றிய வழக்காடல் நிகழ்ந்த காலத்தில் பிறந்த இப்படத்தை, தாய்வழி முறையின் தளர்ச்சிக்கு அடையாளமாகத் திறனாய்வாளர் சிலர் கொள்வர். அது பாதி உண்மையே. தலைப்பு தந்தையை அழைக்கிறது. தூரிகையோ தாய்க்கே இடமளிக்கிறது. வீடு இன்னும் அவளுடையதாகவே நிற்கிறது. இந்த முரணே ஓவியத்தின் உயிர்.

பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் விடியலில் கொழுந்து பறிக்கப் புறப்படுபவள் தாய். வாயிலில் நின்று வழி நோக்குவது குழந்தை. இரவிவர்மாவின் அரண்மனைப் பெண் அறியாத முல்லை இது. அவர் படத்தின் அழகைப் போற்றும் நாம், அதன் எதிர்ப்பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாலை மங்கலில், கூடையோடு சரிவிறங்குபவளைக் கண்டு, ‘அதோ, அம்மா வருகிறாள்’ என்று மலரும் குழந்தையின் முகம் நம் ஓவியருக்காகக் காத்திருக்கிறது.