பசுமை என்னும் குறிப்பான்

'பசுமைவெளி விமான நிலையம்' என்கிற தொடரை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். முன்பு எதுவும் கட்டப்படாத இடத்தில் புதிதாகக் கட்டுவதைத் திட்டக்காரர்கள் 'கிரீன்ஃபீல்டு' என்கிறார்கள். அங்கே அது வெறும் கலைச்சொல். தமிழுக்கு வரும்போது பசுமை சும்மா வருவதில்லை. மரம், மழை, சுற்றுச்சூழல் என்று கொஞ்சம் புண்ணியத்தையும் கட்டிக்கொண்டு வருகிறது. 'வெளி'யையும் விட்டுவிட்டு 'பசுமை விமான நிலையம்' என்று எழுதியவர்களும் உண்டு. கான்கிரீட்டே பச்சையாகிவிட்டது.

எனக்கென்னவோ 'வெளி'தான் பெரிய விஷமமாகப் படுகிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 13 கிராமங்கள். வெளி என்றால் யாருமில்லாத இடம். ஏகனாபுரத்துக்காரர்களோ ஏரி, தாங்கல், மதகு, கலங்கல், மேய்க்கால், களம் என்று பேசுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு உழைப்பின், ஒரு தகராறின் பெயர். தண்ணீர் யார் வயலுக்கு முதலில் என்ற சண்டை மதகுக்குள்ளேயே இருக்கிறது. 'வெளி' இத்தனையையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிறது. கிராமசபையில் அவர்கள் திரும்பத் திரும்பப் போட்ட தீர்மானங்களை இதற்கான எதிர்ப்பிரதியாகவே வாசிக்கிறேன். (நானும் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியவன்தான். அதை ஒளித்துவிட்டு எழுதுவது யோக்கியமில்லை.)

அரசின் சொல்லாடலைக் கட்டுடைப்பது நமக்குச் சுலபம். நம்முடையதை? எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு கண்டன அறிக்கை விட்டோம். எழுதியவர்களில் நானும் ஒருத்தன். 'மண்', 'தாய்மடி', 'விவசாயியின் நிலம்' என்று வரிக்கு வரி. பட்டா இல்லாத கூலியாட்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள், குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள் பற்றி ஒரு வரி கிடையாது. சாதி பற்றி மூச்சே இல்லை. மத்திய அரசின் 2013ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டம்கூட, சொந்த நிலமில்லாமல் அந்தப் பகுதியில் மூன்று வருஷம் உழைத்துப் பிழைத்த குடும்பத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கிறது. சட்டத்தின் கண்ணில் பட்ட ஆட்கள் எங்கள் கவித்துவத்தின் கண்ணில் படவில்லை. அப்படியானால் அந்த 'வெளி' எங்கள் அறிக்கைக்குள்ளும்தானே இருந்திருக்கிறது?

நிலம் வைத்திருப்பவரின் துக்கம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் துக்கத்துக்கு மட்டும் நம்மிடம் தயாராக ஒரு மொழி இருக்கிறது. கூலி போவதற்கு அந்த மொழியில் சொல் இல்லை.

இப்போது இன்னொரு அறிக்கைக்கு வரைவு வந்திருக்கிறது. முதல் சொல்லே 'மண்'. ஓரத்தில் நடவாட்கள், தினக்கூலி, குத்தகை என்று மூன்று சொற்களை எழுதித் திருப்பி அனுப்பினேன். பதில் இன்னும் வரலை.