தேரி மணலும் ஒரு பழைய எக்ஸ்பல்ஸும்

தூத்துக்குடிப் பக்கம் பழைய பைக் வாங்குகிறவர்கள் மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். இந்தக் கரையில் வண்டியைத் தின்பது ஓட்டம் அல்ல. கடற்கரையோரம் உப்பு, உள்ளே போனால் தேரி என்னும் செம்மணல் மேட்டுப் புழுதி. இரண்டும் வண்டியின் எந்த மூலையில் குடியேறியிருக்கின்றன, அவற்றை யாராவது அவ்வப்போது துடைத்து வெளியேற்றினார்களா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மண்பாதைக்கென்றே செய்த வண்டி என்றால் இந்தக் கண் இன்னும் கூர்மையாக வேண்டும். அதை வாங்கிய முதல் ஆள் அதைத் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டியிருக்க வாய்ப்பே இல்லை.

டர்ட் பைக் என்று வெளிநாட்டில் சொல்வது விளக்கும் நம்பர் பிளேட்டும் இல்லாத பந்தய வண்டியை. அவற்றைப் பதிவு செய்து நம் சாலையில் ஓட்ட முடியாது. நமக்கு வாய்த்தவை சாலைக்கும் மணலுக்கும் பொதுவானவை. 2011-ல் ஹீரோ இம்பல்ஸ், 2016-ல் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், 2019 மே மாதம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. இம்பல்ஸ் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு, ஆனால் தயாரிப்பு நின்றுபோன வண்டி, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். ஹிமாலயன் மலைக்கு நல்ல துணை. 180 கிலோவுக்கு மேல் எடை, தேரியில் சாய்ந்தால் தனி ஆளாகத் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. எக்ஸ்பல்ஸ் சுமார் 154 கிலோ. முன்னே 21, பின்னே 18 அங்குல ஸ்போக் சக்கரம், தரைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர், 190 மில்லிமீட்டர் இறங்கி ஏறும் முன் ஃபோர்க். 199.6 சி.சி. எஞ்சினில் 18 குதிரைத்திறன்தான். மணலில் அதற்கு மேல் இருந்தாலும் புதிதாக ஓட்டுகிறவருக்குப் பயன்படாது. இதே நிறுவனத்தின் பந்தய அணி 2017 முதல் டக்கார் ராலியில் ஓடுகிறது. 2024-ல் ராஸ் பிராஞ்ச் அந்த அணிக்காக இரண்டாம் இடம் பிடித்தார். கடையில் விற்கும் எக்ஸ்பல்ஸ் அந்தப் பந்தய வண்டி அல்ல. ஆனாலும் மண்ணில் ஓட்டிப் பழகிய நிறுவனம் செய்த வண்டி என்பது இரண்டாம் கியரில் மணலுக்குள் இறங்கும்போதே தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த மண்ணின் முதல் மணல் வண்டி டி.வி.எஸ். மொபெட்தான். உடன்குடிப் பக்கம் பதநீர்க் குடத்தையும் கருப்பட்டிச் சிப்பத்தையும் கட்டிக்கொண்டு பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் போகிற பெரியவர்களைப் பார்த்தால், மணலில் ஓட்டுவது எப்படி என்பதற்குத் தனிப் பாடமே வேண்டாம். பிரேக்கைத் தொடமாட்டார்கள், ஆக்ஸிலேட்டரை ஏற்றி இறக்கமாட்டார்கள், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கமாட்டார்கள்.

எக்ஸ்பல்ஸிலும் அதே இலக்கணம்தான், எழுந்து நிற்பது மட்டும் கூடுதல். டயர் காற்றைப் பதினெட்டு, இருபது பவுண்டுக்கு இறக்கி, ஃபுட்ரெஸ்ட்டில் நின்று, முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னே தள்ளினால் முன் சக்கரம் லேசாகிவிடும். பிறகு அது இடமும் வலமுமாக அலையும். அந்த அலைச்சலைத் திருத்தப் போனால் விழுவோம். விட்டுவிட்டால் சக்கரம் தானே வழி பிடித்துக்கொள்ளும். பயம் கழன்று அந்த நிதானம் கைக்கு வரும் நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஆயிலும் கிரீஸும் கையில் அப்பிக்கொள்வது.

தேரி மணல் வெறும் மணல் அல்ல. சாத்தான்குளம், குதிரைமொழி, காயாமொழி, தேரிக்குடியிருப்பு என்று விரிந்து கிடக்கும் இந்தச் செம்மணல் மேடுகள் காற்று கொண்டுவந்து கொட்டியவை. மணியின் மேல் படிந்த இரும்பு ஆக்ஸைடுதான் அந்தச் சிவப்பு. உள்ளே இருப்பது குவார்ட்ஸ், கூடவே இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று புகுந்து அடிக்கும்போது மேலே உள்ள பொடி கிளம்பிப் பறக்கும். ஆயிலோடு சேர்ந்தால் இரும்பை அரைக்கும் பசை ஆகிவிடும் பொடி அது.

ஆனால் வண்டி வாங்குகிறவருக்கு இந்தச் சிவப்பு ஒரு பேருதவி. வேறு ஊரில் புழுதி எங்கே போனது என்று தேட வேண்டும், இங்கே நிறம் காட்டிக்கொடுத்துவிடும். சைடு பேனலைக் கழற்றி ஏர் ஃபில்டரை எடுங்கள். வெளிப்பக்கம் சிவந்திருந்தால் கவலை இல்லை, அதற்குத்தான் ஃபில்டர் இருக்கிறது. எஞ்சினைப் பார்த்த உட்பக்கத்தில், குழாய் தொடங்கும் வாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரல் நுனி சிவந்தால் புழுதி ஃபில்டரைத் தாண்டிவிட்டது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்து ஏற்றிப் பிடித்தால் நீலப்புகை வரும், விற்பவர் எத்தனை கதை சொன்னாலும்.

இந்தக் கரைக்கு மாதிரி பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடி முத்துப் பாரில் இருந்து முதலில் கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, திறந்து, கிடைத்த முத்துக்கு விலை மதித்த பிறகே குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று தீர்மானித்தார்கள். 1961-க்குப் பிறகு பெரிய குளிப்பு நடக்கவில்லை. அந்தப் பொறுமை பழைய வண்டி பார்க்கும் நல்ல மெக்கானிக்குகளிடம் இன்றும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணாச்சி சாவியைக் கையில் கொடுத்தாலும் வாங்கமாட்டார். “மொதல்ல எஞ்சினத் தொட்டுப் பாருங்க தம்பி. சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். ஆறட்டும், பொறவு பாப்போம்.” எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் கேட்கும் சத்தம்தான் உண்மையான சத்தம். ஆயில் சூடேறிப் பரவிவிட்டால் டைமிங் செயின் தளர்ச்சி பாதி மறைந்துவிடும்.

அடுத்து அவர் ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். இறுக்கமான ஸ்போக் கணீரென்று சொல்லும், தளர்ந்தது பொத்தென்று சத்தம் போடும். இரண்டு மூன்று பொத்துகள் அடுத்தடுத்து வந்தால் அந்த இடத்தில் ரிம் எதிலோ மோதியிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ரிம் ஆடுவது கண்ணுக்கே தெரியும். முன் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ஹேண்டில்பாரை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்ப வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் போய்விட்டது. பின் ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் துளியும் ஆட்டம் இருக்கக்கூடாது.

நான் அதிக நேரம் செலவிடுவது ஃபோர்க்கில். பளபளப்பான குழாயில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னப் புள்ளியிலும் நகம் தட்டும். உப்பு குரோம் பூச்சைத் துளைத்த இடம் அது. ஃபோர்க் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி ஆயில் சீலின் விளிம்பைக் கீறும். சீல் மட்டும் மாற்றினால் சில வாரத்தில் மறுபடி ஒழுகும், குழாயையே மாற்ற வேண்டிவரும். குழாய் வழுவழுப்பாக இருந்து சீல் மட்டும் ஒழுகினால் பயம் வேண்டாம். பல நேரம் சீல் விளிம்பில் மணல் ஒன்று மாட்டியிருக்கும், மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் வெளியே வந்துவிடும்.

உப்பு புழுதியைவிடப் பொல்லாதது, நிறம் காட்டாது. முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை என்று உப்பளச் சாலைகளில் ஓடும் வண்டியின் மட்கார்டுக்கு அடியில் ஒட்டும் சேறு காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும். இரவில் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கும். சீட்டைக் கழற்றி வயரிங் கப்ளர்களைப் பிரித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அந்த வண்டி கடற்கரையில் வெயிலும் பனியும் பட நின்றது. ஃபிரேமின் அடிக்குழாயில், வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயிண்ட் அங்கே மட்டும் மின்னினால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதில் முதலாவது, தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது. கரையோர போர் தண்ணீரில் வண்டி கழுவவே கூடாது. நம் உப்பளங்கள் பலவற்றுக்கு நிலத்தடி நீரைத்தான் இறைத்துப் பாத்தியில் விடுகிறார்கள். அதையே வண்டியில் அடித்தால் கழுவுவதா, உப்பு விளைவிப்பதா? குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் ஒரு வாளி, ஷாம்பு கொஞ்சம், பழைய துணி, இவ்வளவே போதும். வாட்டர் சர்வீஸில் அழுத்திப் பீய்ச்சும் தண்ணீர் பேரிங்குக்குள் உப்பையும் மணலையும் கூட்டிக்கொண்டு போய்விடும். செயினை டீசல் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, 90 நம்பர் ஆயிலைப் பூசி, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடுங்கள். பிசுபிசுப்பாக விட்டால் அடுத்த நாளே மணல் அதில் ஒட்டி பல்சக்கரத்தைத் தின்னத் தொடங்கும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் மரையில் கிரீஸ் பூசித்தான் திரும்ப ஏற வேண்டும். அலுமினியத்தில் இறங்கிய இரும்பு போல்ட்டை உப்பு பிடித்துவிட்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் குத்தியிருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள். 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். ஃபைனான்ஸ் இருந்த வண்டி என்றால் 35-ஆம் படிவமும் வங்கிக் கடிதமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியோடு உள்ளே இறங்க வேண்டாம். பனங்காடுகளை ஒட்டிய ஊர்ப் பாதைகளிலேயே ஓட்டித் தீராத அளவு செம்மணல் கிடக்கிறது.

எந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். 2019 மே மாதத்திலிருந்து 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வரும் வரை ஓராண்டுக்கும் குறைவாகவே விற்ற கார்புரேட்டர் எக்ஸ்பல்ஸ். அதில் களிம்பு பிடிக்க சென்சார்கள் குறைவு, எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்து மாட்டலாம். டி.என். 43 என்று ஊட்டிப் பதிவில் வந்தால் கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், அவை மாற்றக்கூடியவை. டி.என். 69 என்று தூத்துக்குடிப் பதிவில் குறைவாக ஓடி, கடற்கரை வீட்டு வாசலில் வருடக்கணக்காக நின்ற வண்டியைவிட, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி, வாரம் தவறாமல் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த வண்டிக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன்.