மேரிக்குக் குழந்தை இருந்ததா?

எங்கள் கல்லூரியில் தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் ஒரே தாழ்வாரத்தின் இரண்டு முனைகள். நடுவில் தண்ணீர்க் குழாய். முதுகலை இரண்டாம் ஆண்டு ஆங்கில மாணவி ஒருத்தி, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அப்படியே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ப்ராஜெக்டுக்குத் தலைப்புக் கொடுக்கவேண்டிய வாரம். பாடத்தில் இருக்கும் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையை எடுத்துக்கொள்ள நினைத்திருக்கிறாள். அதைப் பற்றி நெறியாளரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதெல்லாம் ஆய்வுக் கேள்வி ஆகாது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

“என்னம்மா கேட்ட?”

“மேரிக்குக் குழந்தை இருந்திருக்குமான்னு கேட்டேன் மேம்.”

மேரி யாரென்று எனக்கு நினைவில்லை. அந்தக் கதையை மூன்று தடவையாவது வாசித்திருப்பேன். ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசியும் இருக்கிறேன். மேரியைத் தெரியவில்லை. அவள் தன் ஜெராக்ஸ் பிரதியைத் திருப்பி, பென்சிலால் கோடிட்ட ஒரு வாக்கியத்தைக் காட்டினாள்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதி 1892 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து மேகசின்’ இதழில் வந்தது. பிள்ளை பெற்றுச் சில காலமே ஆன ஒரு பெண்ணுக்கு மனம் சரியில்லை. கணவன் ஜான் மருத்துவன். கோடைக்கு ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து, மாடியில் கம்பி போட்ட ஓர் அறையில் அவளை ஓய்வில் வைக்கிறான். எழுதக் கூடாது. அவள் ஒளித்து ஒளித்து எழுதுகிறாள். அந்த எழுத்துதான் நாம் வாசிக்கும் கதை. அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளின் பூவேலைக்குப் பின்னால் ஒரு பெண் சிறைப்பட்டிருப்பது மெல்ல மெல்ல அவள் கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியில் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, மயங்கி விழுந்த கணவனின் மேலேயே ஊர்ந்து ஊர்ந்து அறையைச் சுற்றிவருகிறாள்.

இதில் மேரி வருவது ஒரே ஒரு வாக்கியத்தில். குழந்தையிடம் மேரி அவ்வளவு நன்றாக இருப்பது நல்லதாகப் போயிற்று என்கிறாள் கதைசொல்லி. அவ்வளவுதான். மேரி வேலைக்காரி என்றுகூட அந்த வாக்கியம் சொல்வதில்லை. நாமாகப் புரிந்துகொள்கிறோம், சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது இயல்பாக இருக்கிறது. பிறகு மேரி காணாமல் போகிறாள். கதையின் கடைசிப் பக்கத்தில், முன்பின் தொடர்பில்லாமல் ‘ஜேன்’ என்றொரு பெயர் வருகிறது. அது அச்சுப்பிழையா, கதைசொல்லியின் சொந்தப் பெயரா என்று விமர்சகர்கள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒரே ஒரு முறை வரும் பெயர்தான். மேரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அந்த மாணவிக்கு இது ஏன் தட்டுப்பட்டது என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். அவள் அம்மா நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். அப்போது இவளுக்கு இரண்டு வயது. அம்மாச்சியிடம் ஊரில் வளர்ந்தாள். “அந்த வீட்டம்மாவும் எங்கம்மாவப் பத்தி இதேதான் சொல்வாங்களாம் மேம். குழந்தைகிட்ட அவ்வளவு நல்லா இருக்கான்னு.”

பாடத்தில் வைத்த ஒரு கதையிலிருந்து ஆய்வுத் தலைப்பு எப்படிப் பிறக்கிறது என்று நம் கல்லூரிகளில் யாரும் சொல்லித்தருவதில்லை. தலைப்பு ‘கொடுக்கப்படுகிறது’. இன்னாரின் கதைகளில் பெண்ணியச் சிந்தனைகள், இன்னாரின் நாவலில் பெண் ஒடுக்குமுறை. பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஆங்கிலத் துறையைக் குறை சொல்ல நான் வரவில்லை, எங்கள் துறையின் அலமாரியில் இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகள் வரிசையாகத் தூசி தின்றுகொண்டிருக்கின்றன. என்னுடையதும் அதில் ஒன்று. தலைப்பிலேயே விடை இருந்தது. மூன்றரை ஆண்டுகள் அந்த விடைக்குச் சான்று பொறுக்கினேன். ஒடுக்குமுறை இருக்கிறதா என்று தேடிப்போனால் இருக்கத்தான் செய்யும், அதைச் சொல்ல ஆய்வு எதற்கு? பெண்ணியம் என்பது கேள்வி கேட்கும் முறையாக நமக்கு வந்தது. பல்கலைக்கழகம் அதை ஓர் இயலின் பெயராக ஆக்கிக்கொண்டது.

சரி, நெறியாளர் சொன்னதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மேரிக்குக் குழந்தை இருந்ததா என்பதற்குப் பிரதியில் விடை கிடையாது. அவள் கறுப்பினத்தவளா, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவளா என்றும் கதை சொல்லவில்லை. நாம் இட்டு நிரப்பினால் அது இன்னொரு கதை ஆகும், விமர்சனம் ஆகாது. ஆனால் விடை இல்லாத கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுவதா, அதை விடை தேடக்கூடிய இடத்துக்கு நகர்த்துவதா என்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது. அன்று மாலை நாங்கள் செய்தது அந்த நகர்த்தலை மட்டும்தான். மேரியைப் பற்றி நமக்குத் தெரியாது. கதை வேலைக்காரர்களை எங்கெங்கே பார்க்கிறது என்று பார்க்கலாம், வா என்றேன்.

ஒரு மணி நேரத்தில் கிடைத்தது இது. கதையின் தொடக்கத்திலேயே, மாளிகையின் அழகைச் சொல்லும்போது, தோட்டக்காரர்களுக்கும் மற்ற ஆட்களுக்குமான தனித்தனிச் சின்ன வீடுகள் வருகின்றன. வேலிகள், பூட்டிய கதவுகள், அவற்றோடு சேர்ந்த ஓர் அலங்காரமாக. நடுவில் மேரி. முடிவில், தாளைக் கிழிக்கும் நாளில், சாமான்களெல்லாம் போய்விட்டன, வேலைக்காரர்களும் போய்விட்டார்கள் என்று ஒரு குறிப்பு. அந்த வாக்கியத்தில் ஆட்களும் பொருள்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அதாவது ஆள் கண்ணில் படுவது வீட்டைப் பார்க்கும்போது, குழந்தையை ஒப்படைக்கும்போது, காலி செய்யும்போது. நடுவில் சோறு யார் சமைத்தது, மாடிக்குத் தட்டை யார் கொண்டுவந்தது? கதைசொல்லிக்கு எழுதக் கிடைத்த அந்தத் திருட்டு நேரம் யாருடைய வேலையின் மேல் நின்றது? இவையெல்லாம் பிரதிக்குள் நின்றே கேட்கக்கூடிய கேள்விகள்.

ஆனால் அன்று அவள் போகும்போது சொன்ன ஒரு வாக்கியம் என்னை உறுத்தியது. “எங்கம்மா மாதிரி ஆளுங்களப் பாத்தா, இந்தம்மாவுக்கு என்னதான் கொறைன்னு தோணுது மேம். மாடியில படுத்துக்கிட்டு சொவத்தப் பாத்துக்கிட்டு...”

அவளை உட்காரச் சொன்னேன். இந்த வாக்கியம் கதைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, யார் சொல்கிறார்கள் என்று பார் என்றேன். ஜான் சொல்கிறான். உனக்கு உண்மையில் ஒன்றும் இல்லை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மனத்தை அடக்கு. கில்மனுக்கு 1885இல் மகள் பிறந்தாள். பிறகு வந்த மனச்சோர்வுக்காக 1887இல் அன்றைய புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் வெயர் மிட்செலிடம் போனார். படுக்கை, ஊட்டம், தனிமை. அதன்பின் வீட்டோடு இரு, அறிவுக்கு வேலை கொடுக்காதே, பேனாவைத் தொடாதே என்பது அவர் வைத்தியம். அதைப் பின்பற்றி மூளை கலங்கும் விளிம்புக்குப் போய்த் திரும்பியதாகக் கில்மன் தன் ‘ஃபோர்ரன்னர்’ இதழில் 1913இல் எழுதினார். கதைக்குள் மிட்செலின் பெயரே வருகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனநோவை ‘சொகுசு’ என்று அன்று சொன்ன வாயும் இன்று சொல்லும் வாயும் வேறல்ல. மேரிக்காகப் பேசக் கிளம்பியவள் ஜான் பக்கம் போய் நிற்கக் கூடாது. இரண்டு பெண்களில் ஒருத்தியின் வலியை வைத்து இன்னொருத்தியின் வலியை அடிப்பது நமக்குச் சுலபமாக வருகிறது. நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் அவள் வரவில்லை. கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்றிருந்தது.

மூன்றாம் நாள் வந்தபோது கையில் இன்னொரு பக்கம் இருந்தது. ஜானின் தங்கை ஜென்னி வரும் இடம். அந்த வீட்டை நடத்துபவள் அவள்தான். ஒருநாள் ஜென்னி சுவர்த்தாளின்மேல் கைவைத்து நிற்பதைக் கதைசொல்லி பார்த்துவிடுகிறாள். என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். ஜென்னி திடுக்கிட்டு, கோபமாகச் சொல்கிறாள்: இந்தத் தாள் பட்டதையெல்லாம் கறையாக்குகிறது, உன் துணியிலும் ஜானின் துணியிலும் மஞ்சள் மஞ்சளாகக் கறை, கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளக் கூடாதா. கதைசொல்லி இதை நம்புவதில்லை. இவளும் என்னைப்போலப் பூவேலையின் ரகசியத்தைத் தேடுகிறாள், மறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறாள்.

“ஒரே தாள் மேம். இவங்க பூவேலையப் படிக்கிறாங்க. அவங்க கறையப் படிக்கிறாங்க. துணி வெளுக்குற கணக்கு அவங்களுக்குத்தான தெரியும்.”

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காட்சியை நானும் வாசித்திருக்கிறேன். கதைசொல்லி தோளைச் சுவரில் உரசி ஊர்ந்ததற்கான தடயம் அந்தக் கறை என்று விளக்கியும் இருக்கிறேன். அது சரியான விளக்கம்தான். அந்தத் தடயம் முதலில் யார் கையில் கிடைத்தது, எந்த வேலையின்போது கிடைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. கதைசொல்லியின் கண்ணாலேயே நானும் ஜென்னியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

இப்படிச் சந்தேகப்பட்டதில் நான் தனி ஆள் இல்லை. இந்தக் கதை பாடப்புத்தகத்துக்கு வந்த வழியையும் பார்க்கவேண்டும். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததை 1973இல் அமெரிக்காவின் ஃபெமினிஸ்ட் பிரஸ் தனி நூலாக மறுபதிப்புச் செய்தது. 1979இல் சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் குபாரும் தங்கள் பெரிய நூலில் இதை எழுதும் பெண்களின் பொதுக்கதையாக வாசித்தார்கள். தாளுக்குப் பின்னால் இருக்கும் பெண்ணில் அந்தத் தலைமுறை தன்னைக் கண்டுகொண்டது. அது பெரிய மீட்பு. ஆனால் எந்தப் பெண் தன்னைக் கண்டாள் என்ற கேள்வி பின்தொடர்ந்து வந்தது. வீட்டைவிட்டு வேலைக்குப் போகச் சொல்கிறீர்களே, அப்போது அந்த வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள யாரை அழைப்பீர்கள் என்று பெட்டி ஃப்ரீடனின் நூலை முன்வைத்து பெல் ஹூக்ஸ் 1984இல் கேட்டார். 1989இல் சூசன் லான்சர், வெள்ளைப் பெண்ணிய விமர்சகர்கள் இந்தத் தாளில் தங்கள் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்ததைச் சுட்டிக்காட்டி, சீனர்களின் குடியேற்றத்தைச் சட்டம்போட்டுத் தடுத்த ஒரு காலத்தில் ‘மஞ்சள்’ என்ற நிறத்துக்கு இருந்த அர்த்தங்களைக் கதையோடு சேர்த்து வாசித்தார். கில்மன் இதை எழுதியது கலிபோர்னியாவில்.

இதே கில்மன்தான் 1898இல் ‘பெண்களும் பொருளியலும்’ எழுதி, சமையலையும் துப்புரவையும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சம்பளத் தொழிலாக்க வேண்டும் என்று வாதிட்டவர். இதே கில்மன்தான் 1908இல் ஒரு சமூகவியல் இதழில், ‘முன்னேறாத’ கறுப்பின மக்களை அரசு கட்டாயமாகத் திரட்டி வேலை வாங்கலாம் என்று யோசனை சொன்னவர். இரண்டையும் ஒரே மாணவி ஒரே வாரத்தில் வாசித்தாள். இப்போது இந்தக் கதையைத் தூக்கிப் போடவேண்டுமா மேம் என்று கேட்டாள். வேண்டாம், இரண்டையும் உன் முதல் இயலிலேயே பக்கத்தில் பக்கத்தில் வை என்றேன்.

அடுத்த பருவத்தில் அவர்களுக்கு வர்ஜீனியா வுல்ஃபின் ‘தனக்கென்று ஓர் அறை’ பாடம். 1929இல் வந்த அந்த நூல் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டையும் பூட்டக்கூடிய ஓர் அறையையும் கேட்டது. அதை எழுதிய காலத்தில் வுல்ஃப் வீட்டில் சமைத்தவர் நெல்லி பாக்ஸால். 1916 முதல் 1934 வரை அங்கே இருந்தார். அவரோடு போட்ட சண்டைகள் வுல்ஃபின் நாட்குறிப்பில் நிறைய இருக்கின்றன. அறை கேட்டது நியாயம். அந்த அறைக்குச் சாப்பாடு வந்த வழியைக் கேட்பதும் அதே நியாயத்தில் சேர்ந்தது. நம் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யையும் பாமாவின் ‘சங்கதி’யையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் பாடமாக வைக்கிறார்கள், ஒரே தாளில் அடுத்தடுத்த அலகுகளாக வைத்து, தனித்தனியாகத் தேர்வெழுத விடுகிறார்கள். அம்பையின் சமையலறையிலிருந்து பாமாவின் வயல்காட்டுப் பெண்களுக்குப் போகும் வழியைக் கேட்கும் ஒரு வினாவை நான் இதுவரை பார்க்கவில்லை.

தலைப்புக்கு வருகிறேன். அவள் எழுதிக்கொண்டு போனது, தமிழில் சொன்னால், ‘பூவேலையும் கறையும்: மஞ்சள் சுவர்த்தாளில் இருவகை வாசிப்பு’. நெறியாளர் நல்லவர். முழுதும் கேட்டார், பிரதியில் ஆதாரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ‘ஒரு பெண்ணியப் பார்வை’ என்று கடைசியில் சேர்த்தால்தான் துறைக் குழுவில் தாண்டும் என்றாராம். சேர்த்துவிட்டாள். சொல்லும்போது சிரித்தாள்.

இப்போது மூன்றாம் இயலில் நிற்கிறாள். ஜென்னி யார் என்பதில் சிக்கல். வேலை பார்க்கிறாள், வேலைக்காரி இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள், அந்த வீடு அவளுடையது இல்லை. இதைவிட நல்ல தொழில் வேறில்லை என்று அவள் நினைப்பதாகக் கதைசொல்லி கொஞ்சம் கேலியோடு சொல்கிறாள், ஜென்னியைக் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் மூன்று சொல்லைக் கோத்துச் சொல்லும் அந்த உறவை நாத்தனார் என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறியது. எங்கள் வீடுகளில் நாத்தனாருக்கு அதிகாரம் உண்டு, அண்ணியை வேவு பார்க்கும் வேலையும் உண்டு, கல்யாணமாகாமல் அண்ணன் சோற்றில் நின்றுவிட்டால் அவளுக்கு நேர்வதும் தெரியும். அப்படியானால் அந்தக் கறையைப் பற்றி ஜென்னி கோபப்பட்டது வெளுக்கிறவளாகவா, வேவு பார்க்கிறவளாகவா? அவளுக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? கதையை மறுபடி முதலிலிருந்து வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நானும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.