தொடாமல் இழுக்கும் சீப்பு

சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது ஆயிரக்கணக்கான செல்போன்கள் உயர்கின்றன. நெரிசலில் கை ஆடினாலும் படம் பெரிதாக ஆடாமல் பதிவதில் உள்ளே இருக்கும் கைரோஸ்கோப்புக்குப் பங்குண்டு. அதன் நுண்ணிய எடையை அதிரவைப்பது பெரும்பாலும் இரண்டு சிலிக்கான் சீப்புகள். பற்கள் கோத்திருக்கும், தொட்டுக்கொள்வதில்லை.

சீப்புக்குப் பதிலாக எதிரெதிர்த் தட்டுகளை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், இடைவெளி பாதியாகும்போது ஈர்ப்பு நான்கு மடங்காகும். தட்டைத் தாங்கும் வில்லின் (ஸ்பிரிங்) விசையோ நேர்விகிதத்தில்தான் கூடும். இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்ததும் வில் தோற்றுவிடும்; தட்டுகள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

1989இல் பெர்க்கிலியில் வில்லியம் டாங், ரோஜர் ஹவ் குழுவினர் காட்டிய சீப்பு வடிவம் இதற்கு அழகான விடை. பற்கள் நீளவாக்கில் நுழைவதால் இடைவெளி மாறுவதில்லை. எவ்வளவு நகர்ந்தாலும் விசை ஏறக்குறைய ஒன்றே. கணக்கும் எளிது: பற்களின் எண்ணிக்கை, கனம், மின்னழுத்தத்தின் இருமடி ஆகியவற்றோடு விசை கூடும், இடைவெளி அகன்றால் குறையும். 100 பற்கள், 2 மைக்ரான் கனம், அதே அளவு இடைவெளி, 10 வோல்ட் என்றால் சுமார் 0.09 மைக்ரோநியூட்டன். அந்த நுண்ணுலகில் அதுவே நல்ல பலம். முரண்டுபிடிக்கும் விசையை வடிவத்தை மாற்றியே வசப்படுத்திய இந்த யோசனை, பொறியியலின் மிக நேர்த்தியான சிந்தனைகளில் ஒன்று.