காரைத் திட்டினால் யாருக்கு வலிக்கும்?

2024 செப்டம்பர். சிங்கப்பூர் கிராண்ட் பிரீக்கு முந்தைய செய்தியாளர் சந்திப்பில், அதற்கு முன் பாகுவில் நடந்த பந்தயத்தைப் பற்றி மேக்ஸ் வெர்ஸ்டப்பனிடம் கேட்டார்கள். தன் கார் சரியில்லை என்பது தகுதிச் சுற்றிலேயே தெரிந்துவிட்டது என்று அவர் பதில் சொன்னார். சொல்லும்போது ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்றும் கூடவே வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக, அப்போது மூன்று முறை உலக சாம்பியனாகியிருந்த வீரருக்குப் பொதுநலப் பணியைத் தண்டனையாக விதித்தார்கள், சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பந்தய நடுவர்கள். டிசம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் கூட்டமைப்பின் விருது விழா நடந்தபோது, அங்குள்ள இளையோர் மோட்டார் விளையாட்டுத் திட்டத்தினரோடு நேரம் செலவிட்டு அதை அவர் நிறைவேற்றினார். அக்டோபரில் மெக்சிகோவில் ஃபெராரியின் சார்ல் லெக்லெர் மாட்டினார். காரின் பிடி நழுவிய ஒரு கணத்தை விவரிக்கும்போது அதே சொல் வாயில் வந்துவிட்டது. உடனே மன்னிப்பும் கேட்டார். அபராதம் 10,000 யூரோ, அதில் பாதி நிறுத்திவைப்பு. இந்த இரண்டு வழக்கிலும் திட்டு வாங்கியது ஒரு காரும் ஒரு சறுக்கலும்தான். திட்டப்பட்ட மனிதர் என்று யாருமே இல்லை.

இதே விளையாட்டு கடந்த சில ஆண்டுகளாகத் தன்னை உலகுக்கு விற்ற விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லிபர்ட்டி மீடியா நிறுவனம் 2017 தொடக்கத்தில் ஃபார்முலா 1 வணிகத்தை வாங்கியது. 2019 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் ‘டிரைவ் டு சர்வைவ்’ தொடங்கியது. பந்தயத்தைவிட, பந்தயத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களின் பொறாமை, பதற்றம், கோபம் ஆகியவற்றையே முன்னால் வைக்கும் ரியாலிட்டி பாணித் தொடர் அது. அதன் மூலம் உலகப் புகழ் பெற்ற முகம் எந்த சாம்பியனுடையதும் அல்ல. பல ஆண்டுகள் பட்டியலின் பின்பகுதியில் தடுமாறிய ஹாஸ் அணியின் மேலாளர் குந்தர் ஸ்டைனருடையது. அவர் புகழின் பெரும்பகுதி, வாக்கியத்துக்கு ஒன்றாக அவர் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தைகளால் ஆனது. தொடர் அவற்றை ‘பீப்’ போட்டு மறைக்கவில்லை. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான தரக்குறியீட்டோடு அப்படியே வெளியிட்டது. பந்தய நேரலையிலும் இதே கதைதான். ஓட்டுநர்களின் ரேடியோ உரையாடல்களிலிருந்து எதை நமக்குக் கேட்க வைப்பது என்று ஒலிபரப்புக் குழுதான் பொறுக்கி எடுக்கிறது. சொல்லுக்கு மேல் ஒரு பீப் வைத்துச் சில நொடி தாமதத்தில் அனுப்புகிறது. அந்தப் பீப் எதையும் மறைப்பதில்லை. ‘இங்கே ஒருவர் கொதித்துவிட்டார், கவனியுங்கள்’ என்று மணியடித்துக் கூப்பிடுகிறது. பிக் பாஸ் பார்த்துப் பழகிய நமக்கு இந்த உத்தி புதிதல்ல.

நெட்ஃபிளிக்ஸ் தொடரை எடுப்பது எஃப்.ஐ.ஏ. இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விதிகளை வகுப்பது கூட்டமைப்பு. வணிக உரிமையோ 2011இலிருந்து நூறாண்டுக் குத்தகையில் வேறொரு நிறுவனத்திடம் இருக்கிறது. ரேடியோவில் வரும் கெட்ட வார்த்தைகளைக் குறைக்கும்படி ஒலிபரப்பாளரிடமும் கேட்டிருப்பதாகக் கூட்டமைப்பின் தலைவர் முகமது பின் சுலாயம் சொன்னார். ஆனால் கேட்டது ஒலிபரப்பாளரிடம், அபராதம் விழுந்தது ஓட்டுநரின் பையில். இதில்தான் அடிப்படைத் தவறு இருக்கிறது. உலகத்தின் ஒலிபரப்புச் சட்டங்கள் நீண்ட அனுபவத்தில் எட்டிய முடிவு நேர் எதிரானது. பிரிட்டனில் இரவு ஒன்பது மணிக்கு முன் கடுமையான கெட்ட வார்த்தை ஒலித்தால் பதில் சொல்ல வேண்டியது தொலைக்காட்சி நிலையம். இந்தியாவின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறையும் ஒளிபரப்புபவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் 2003 பில்போர்டு விருது விழாவில் ரியாலிட்டி நட்சத்திரம் நிக்கோல் ரிச்சி மேடையில் உதிர்த்த சொற்களுக்காகப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. அதில் எதிர்த் தரப்பில் நின்றது ஃபாக்ஸ் தொலைக்காட்சி, ரிச்சி அல்ல. கடைசியில் 2012இல், முன்கூட்டியே தெளிவாக அறிவிக்காத விதியை வைத்துக் குற்றம் காண முடியாது என்று உச்ச நீதிமன்றம் நிலையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒலியை வீட்டுக்குள் கொண்டுவருவது ஒலிபரப்பாளர். நிறுத்தும் பொத்தானும் அவர் கையில்தான். பொறுப்பும் அவருடையதே.

இந்த விஷயத்தில் தமிழ் ஒரு நுட்பமான வேறுபாட்டை வைத்திருக்கிறது. ‘கெட்ட வார்த்தை பேசினான்’ என்பது ஒன்று, ‘கெட்ட வார்த்தையில் திட்டினான்’ என்பது வேறொன்று. இரண்டாவதைக் கேட்டதும் ‘யாரை?’ என்ற கேள்வி தானாக எழும். முதலாவதில் எழாது. முதலாவது நாகரிகக் குறைவு. இரண்டாவது இன்னொருவர் மேல் கை வைப்பதற்குச் சமம். எஃப்.ஐ.ஏ.வின் விதி இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டது. 2025 ஜனவரியில் வந்த தண்டனைப் பட்டியல்படி, ஃபார்முலா 1 ஓட்டுநருக்கு முதல் தடவை 40,000 யூரோ, இரண்டாம் தடவை 80,000, மூன்றாம் தடவை 1,20,000 யூரோவோடு ஒரு மாதத் தடையும் புள்ளிக் குறைப்பும். கூட்டமைப்புக்கு ‘மன வேதனை’ உண்டாக்கும் பேச்சுக்கும் அதே அளவுகோல். நாலு பேர் முன்னால் காரைத் திட்டுவதையும் நிர்வாகத்தைக் குறை சொல்வதையும் ஒரே படியில் வைத்த பட்டியல், நாகரிகத்தைக் காப்பதற்காகவே எழுதப்பட்டது என்று நம்புவது கடினம்.

மனிதரைத் தாக்கும் சொல்லைத் தண்டிக்க இந்தப் புதிய பட்டியல் தேவைப்படவே இல்லை என்பதற்குச் சான்று 2024 ஜூனிலேயே இருக்கிறது. ஆஸ்திரியத் தகுதிச் சுற்றில் யூகி சுனோடா மற்ற ஓட்டுநர்கள் மேல் எரிச்சலாகி, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல் ஒன்றை ரேடியோவில் சொன்னார். அன்று நடப்பில் இருந்த விதியின்படியே 40,000 யூரோ அபராதம் விழுந்தது, பாதி நிறுத்திவைப்போடு. அதன் முழுப் பொருள் தனக்குத் தெரியாது என்று அவர் விளக்கினாலும் அந்தத் தண்டனை சரிதான். அந்தச் சொல்லுக்கு ஓர் இலக்கு உண்டு. அதைக் கேட்டு வலி கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு லாஸ் வேகஸில் தடத்திலிருந்த தண்ணீர் வால்வின் மூடி ஒன்று கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியைக் கிழித்தபோது, செய்தியாளர் சந்திப்பில் கொதித்துப் பேசிய அணித் தலைவர் ஃபிரெட் வாசருக்குக் கிடைத்ததோ வெறும் எச்சரிக்கை. மெர்சிடிஸின் டோட்டோ வோல்ஃபுக்கும் அப்படியே. ஒரே வகைப் பேச்சுக்கு ஒரு வருடம் எச்சரிக்கை, அடுத்த வருடம் ருவாண்டா. சொல் மாறவில்லை, சொன்னவர்களின் கோபமும் மாறவில்லை, மாறியது நிர்வாகத்தின் மனநிலை மட்டுமே.

பீப் பொத்தான் அகராதியைத்தான் கேட்கும், காயத்தைக் கேட்காது. இதற்கு 2007இல் பிரிட்டனின் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ வீட்டில் ஷில்பா ஷெட்டிக்கு நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அவருடைய பெயரோடு ‘பப்படம்’ என்ற சொல்லை ஒட்டிக் கூப்பிட்டார் சக போட்டியாளர் ஒருவர். அப்பளம் எந்த மொழி அகராதியிலும் கெட்ட வார்த்தை அல்ல, எந்தத் தணிக்கை இயந்திரமும் அதற்கு பீப் போடாது. இன்னொருவர் ஷில்பா தன் ஊருக்கே ஓடிப்போகட்டும் என்றபோது அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது. அதை மட்டும் மௌனமாக்கியிருந்தால் மீதியிருக்கும் ‘உன் ஊருக்குப் போ’ என்பதன் நஞ்சு துளியும் குறைந்திருக்காது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமுக்கு 44,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அது தவறு கண்டது சேனல் 4 மீது. தீர்ப்பை அந்த நிலையமே தன் திரையில் அறிவிக்க வேண்டியிருந்தது. கிரிக்கெட்டிலும் இதன் மறுபதிப்பு உண்டு. 2019 ஜனவரியில் டர்பனில் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது, தென்னாப்பிரிக்காவின் ஆண்டிலே ஃபெலுக்வாயோவை நிறத்தைச் சொல்லி உருதுவில் பேசியது ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. வழக்கமான கெட்ட வார்த்தை அதில் கிடையாது. ஐசிசி நான்கு போட்டிகளுக்குத் தடை விதித்தது. மிகச் சரியான முடிவு.

ஆனால் கிரிக்கெட், கால்பந்து நிர்வாகங்களும் யாரையும் குறிக்காத கெட்ட வார்த்தையைத் தண்டிக்கின்றனவே என்ற வாதம் வலுவானது. காதில் விழும்படியான ஆபாசச் சொல் ஐசிசி நடத்தை விதிகளில் குற்றமே, தன் ஆட்டத்தின் மேலுள்ள எரிச்சலில் சொன்னாலும்கூட. ஆனால் அது முதல் நிலைக் குற்றம். கண்டிப்பில் தொடங்கி, உச்சமாகப் போட்டிச் சம்பளத்தில் பாதியும் ஒன்றிரண்டு குறைபாட்டுப் புள்ளிகளும், அவ்வளவுதான். நிறவெறிப் பேச்சுக்கு அங்கே தனி விதித்தொகுப்பே இருக்கிறது. குற்றத்தின் எடைக்கேற்ற தராசு என்பது அதுதான். 2011 ஏப்ரலில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மூன்று கோல் அடித்த வேய்ன் ரூனி, நேராக வந்து நேரலைக் கேமராவின் முகத்தில் கத்தினார். இரண்டு போட்டித் தடை விழுந்தது. அதை நான் எதிர்க்கவில்லை. கேமராவைத் தேடிப்போய் வீட்டுக்குள் இருப்பவர்களை நோக்கிக் கத்துவதும், கேள்விக்குப் பதில் சொல்லும்போது நாக்கு நழுவுவதும் ஒன்றல்ல. ரேடியோ உரையாடல் அதைவிடவும் விலகி நிற்பது. அது ஓட்டுநருக்கும் அவருடைய பொறியாளருக்கும் இடையிலான வேலைப் பேச்சு. அதை எடுத்து ஊருக்குக் கொடுப்பது வேறொருவர்.

குழந்தைகள் பார்க்கிறார்கள் என்பதே பின் சுலாயமின் முதன்மையான வாதம். அதைத் தட்டிவிட முடியாது. வீட்டில் எட்டு வயதுப் பிள்ளையோடு பந்தயம் பார்க்கும் பெற்றோருக்கு இது உண்மையான தொல்லை. ஆனால் அந்தப் பிள்ளையைக் காக்கும் வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன: சில நொடித் தாமதம், எந்த ரேடியோவை எடுப்பது என்ற தேர்வு, வயதுக் குறியீடு. மூன்றும் ஒலிபரப்பாளரின் மேசையில்தான் இருக்கின்றன. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகப் போகும் வெக்கையில் இருப்பவரின் நாக்கில் அந்தப் பொத்தானைப் பொருத்த முடியாது. வலியில் கெட்ட வார்த்தை சொல்வது வெறும் கெட்ட பழக்கமல்ல என்பதற்கு ஆய்வும் உண்டு. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட வார்த்தை சொன்னவர்கள் பனிநீருக்குள் கையைக் கூடுதல் நேரம் வைத்திருக்க முடிந்தது. தினமும் அதிகமாகச் சொல்பவர்களுக்கு அந்தப் பலன் குறைவு என்றும் அதே குழு பின்னர் கண்டது. செய்தியாளர் அறைக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே மேசை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, யோசிக்க நேரமும் இருக்கிறது. அங்கே நிதானத்தை எதிர்பார்க்கலாம். அதற்கு ஒரு கண்டிப்புப் போதும்.

தண்டனை பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் இன்னொன்று உறுத்துகிறது. வெர்ஸ்டப்பனின் சூழல் டச்சு, லெக்லெர் மொனாக்கோக்காரர், சுனோடா ஜப்பானியர், அடுத்துப் பார்க்கப்போகும் ராலி ஓட்டுநர் அட்ரியன் ஃபூர்மோ பிரெஞ்சுக்காரர். யாருக்கும் வீட்டு மொழி ஆங்கிலம் அல்ல. பிற்பாடு கற்ற மொழியின் கெட்ட வார்த்தைக்கு நம் மனத்தில் தாய்மொழிச் சொல்லின் சூடு இருக்காது. அப்பா முன்னால் ஒருபோதும் வாயில் வராத தமிழ்ச் சொல்லின் ஆங்கில உறவினரை அலுவலகத்தில் சாதாரணமாகச் சொல்லும் எத்தனையோ பேர் நம்மிடையே உண்டு. இந்த வீரர்கள் பந்தயக் கூடங்களின் ஆங்கிலத்தை அந்தக் கூடங்களிலேயே கற்றவர்கள். கூட்டமைப்பின் செய்தியாளர் சந்திப்பு நடப்பதும் ஆங்கிலத்தில்தான். சுனோடாவின் சொல்லை இது நியாயமாக்காது. மற்ற மூவரின் நழுவலை அளக்கும்போது மட்டும் இதையும் தராசில் வைத்தாக வேண்டும்.

ஓட்டுநர்கள் இதைத் தெளிவாகவே சொன்னார்கள். 2024 நவம்பரில் கிராண்ட் பிரீ ஓட்டுநர் சங்கம் வெளியிட்ட கடிதம், பிறரை இழிவுபடுத்தும் சொல்லையும் வானிலையையோ காரையோ நொந்துகொள்ளும் சொல்லையும் பிரித்துப் பார்க்கக் கேட்டது. பதிலாக வந்தது அந்த ஜனவரிப் பட்டியல். பிப்ரவரியில் ஸ்வீடன் ராலியின் முடிவில், முந்தைய நாள் தாங்களே செய்த தவறைப் பற்றிப் பேசிய ஃபூர்மோவுக்கு ஒரே சொல்லுக்காக 10,000 யூரோ அபராதம், கூடவே 20,000 யூரோ நிறுத்திவைப்பு. அவர் திட்டியது தன்னைத்தானே. அடுத்து மார்ச்சில் கென்யாவின் சஃபாரி ராலி வந்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஜன்னலோரம் மைக் நீளும். புழுதி அடங்குவதற்குள் வரும் அந்தச் சில வார்த்தைகளுக்காகவே பலர் ராலி பார்க்கிறார்கள். அந்த முறை ஓட்டுநர்கள் பேச மறுத்தார்கள், அல்லது தங்கள் தாய்மொழியில் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். மே மாதம் கூட்டமைப்பு இறங்கிவந்தது. அடிப்படை அபராதம் 10,000 யூரோவிலிருந்து 5,000 ஆகப் பாதியானது. செய்தியாளர் அறை போன்ற கட்டுப்பாட்டில் உள்ள இடம் வேறு, பந்தயத் தடம் போன்ற கட்டுப்பாடற்ற இடம் வேறு என்ற பிரிவு விதிக்குள் வந்தது. சொன்ன இடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட விதி, சொல் யார்மீது விழுந்தது என்பதையும் எழுத்தில் பிரித்துக்காட்ட வேண்டும். அதுவரை, கட்டுப்பாட்டில் உள்ள அறையில் அடுத்த ஓட்டுநர் தன் காரை நொந்துகொண்டாலும் நடுவர்கள் முன் போய் நிற்கத்தான் வேண்டியிருக்கும்.