முதலியார் கட்டிய சர்ச்

பிள்ளைச்சாவடி கடற்கரையில் உட்கார்ந்து ஆனந்தரங்கப் பிள்ளை டைரியைப் புரட்டினேன். 1745-ல் துபாஷி கனகராய முதலியார், செத்துப்போன மகன் நினைவாக அரியாங்குப்பத்தில் சர்ச் கட்டி எல்லா சாதிக்கும் விருந்து போடுகிறார். கிறிஸ்துவருக்கு இதென்ன இந்து வழக்கம் என்று பிள்ளைக்கு உள்ளூரக் குத்தல். (அந்தப் பதவிக்குக் காத்திருந்தவர் ஆச்சே, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கணும்!) பி.காம். புத்தி எனக்கு. பைபிளில் வரி வசூலிக்கிற சகேயு மனம் திருந்தியதும் பாதி சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு என்று கணக்கே தந்துவிடுகிறான். விருந்து வேறு, திருப்பிக் கொடுப்பது வேறு இல்லையா? அதே 1745-ல் புதுச்சேரி சர்ச்சுக்குள் இருந்த சாதிச் சுவருக்காகச் சண்டை நடந்ததையும் பிள்ளை எழுதுகிறார். டைரியில் என்னை உலுக்கியது அந்தப் பக்கம்தான். 1746-ல் முதலியார் கண்மூடினார். சொத்துக்கு மனைவி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.